முப்பது பேரில் ஒருவர்

டெரிக் பிரின்ஸின் 'பிளெஸ்ஸிங் ஆர் கர்ஸ்: யூ கேன் சூஸ்' (1990) எங்கள் வீட்டுக்குள் வந்தது சித்திக்கு இரண்டாவது முறை கரு கலைந்த பிறகு. சாபத்துக்கு அவர் ஏழு அறிகுறிகள் சொல்கிறார். மனநிலைக் குலைவு, பரம்பரை நோய், கருச்சிதைவு, குடும்பப் பிளவு, தீராத பணக்கஷ்டம், அடிக்கடி விபத்து, தற்கொலை அல்லது துர்மரணம். இதில் ஒன்றுகூட இல்லாத வீடு உங்க தாமானில் இருக்கா, சொல்லுங்க?

சித்தி ஒரு தாளில் முன்னோரின் பாவங்களை எழுத ஆரம்பித்தார். யாத்திராகமம் 20:5 சொல்வது மூன்றாம், நான்காம் தலைமுறைவரை. எஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டேன். 2, 4, 8, 16. மொத்தம் 30 பேர். அதில் ஒரு குடிகாரரோ மந்திரவாதியிடம் போனவரோ கிடைக்காமலா போவார்? எதில் வைத்தாலும் ஒரே அளவு காட்டுகிற மீட்டரை நாங்கள் சைட்டில் தூக்கிப் போட்டுவிடுவோம்.

பிரின்ஸ் வெறுமனே பயமுறுத்துகிற ஆள் இல்லை. பெங்களூரில் பிறந்து கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்தவர். கிறிஸ்து சிலுவையில் சாபத்தைச் சுமந்தார் என்கிற கலாத்தியர் 3:13-ஐத்தான் மையமாக வைக்கிறார். அப்புறம் எதுக்குப் பட்டியல்? கிடைத்த விடுதலையை நாம்தான் உரிமையாக்கிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு ஒப்பவில்லை. அப்பன் பாவம் மகன் தலையில் விழாது என்று எசேக்கியேல் 18 அடைத்த கதவை இது பின்பக்கமாகத் திறக்குது. யாத்திராகமத்தின் அடுத்த வசனத்திலேயே இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு நீளுது. அதை எழுத யாரும் தாள் எடுக்கிறதில்லை.

சித்தியின் தாளில் பாட்டிக்கு ஒரே வரி: மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தார். விடியுமுன் தோட்டத்துக்குப் போய் பால் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்ததை எழுத அதில் இடமில்லை.