திறந்த பட்டியலும் மூடிய அட்டவணையும்: மீன்சுருட்டி வட்டாரத்தை முன்வைத்துத் திணைவழிச் சூழலியல் கல்வி குறித்த திறனாய்வு

சங்க இலக்கியச் சூழலியல் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே முடிவை எட்டுகின்றன: திணைக்கோட்பாடே பழந்தமிழரின் சூழலியல் அறிவு, அதனை இன்றைய மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும் என்பது அது. கற்பிக்கப்படுவது எது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பள்ளித் தமிழ்ப் பாடத்தில் மாணவர் பெறுவது ஓர் அட்டவணை. ஐந்து நிலம், அவற்றுக்குரிய தெய்வம், உணவு, பறவை, பண், தொழில் எனக் கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கும். மாணவர் அதை மனனம் செய்வர், தேர்வில் எழுதுவர்.

இவ்வட்டவணை தொல்காப்பியத்திலிருந்து வந்ததன்று. அகத்திணையியல் தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என வகைகளை மட்டுமே கூறி, அவை போன்ற பிறவும் கருப்பொருளாகும் எனப் பட்டியலைத் திறந்தே வைக்கிறது. எத்திணைக்கு எப்பறவை என்பதை அது வரையறுக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர்கள் உரையாசிரியர்களும் பின்வந்த இலக்கண நூலாரும் ஆவர். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருளைப் பதினான்கு எனத் தொகை கூறி, ஒவ்வொரு திணைக்கும் உரியவற்றைப் பெயர் சுட்டி முடிக்கிறது. செய்யுள் மரபைக் கற்பவர்க்கு அது பயனுடைய தொகுப்பே. ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு ‘அகநிலக்காட்சி’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். பாட்டில் வரும் நிலம் முதலில் மனநிலம் என்பதை அத்தலைப்பு உணர்த்துகிறது. மனநிலத்துக்கு வகுத்த அட்டவணையைப் புறநிலத்தின் அறிவியலாக மாணவர் கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

மீன்சுருட்டியை எடுத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள ஊர் இது. முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம், இன்றைய வழக்கில் பொன்னேரி, அருகிலேயே உள்ளது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலான வெற்றித்தூண் எனப் போற்றுகிறது. ஏரிப்பாசன வயலை நோக்கின் இவ்வட்டாரம் மருதம். செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் மேட்டை நோக்கின் முல்லைச் சாயல் தெரியும். ஆனால் அம்மேட்டில் இன்று செழித்திருப்பது முந்திரி. போர்த்துகீசியரால் பிரேசிலிலிருந்து வந்த மரம். அட்டவணையில் அதற்கு இடமில்லை. பல குடும்பங்களுக்குச் சோறு போடும் மரம் பாடத்தில் இல்லாதபோது, பாடத்திலுள்ள நிலம் வேறெங்கோ இருப்பதாக மாணவர் கருதுவதில் வியப்பில்லை.

பறவைக்கும் இதுவே நிலை. அதே மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரப்பும் இவ்வேரிக்கு, நடு ஆசிய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் வருகிறது. அது எத்திணைப் புள்? நம்பியின் பட்டியலைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. தொல்காப்பியம் விடை கூறுகிறது: பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் காலத்தையும் விட்டு வேறிடத்தில் தோன்றினால், வந்து சேர்ந்த நிலத்துக்குரியனவாகவே அவை கொள்ளப்படும். செய்யுளுக்காகச் சொன்ன விதிதான். ஆயினும் வலசைப் பறவையை ஏரிக்கரையில் நின்று காணும் மாணவருக்கு மூடிய அட்டவணையைவிட இவ்விதியே உதவும்.

முதற்பொருளையும் இவ்வாறே சோதிக்கலாம். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர் என்பது இலக்கணம். இம்மாவட்டத்தில் மழை மிகுவதோ வடகிழக்குப் பருவத்தில், அதாவது கூதிரில். பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து ஓராண்டு குறித்தால், பெரும்பொழுதுப் பாகுபாடு எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்பது மாணவருக்கே புலப்படும். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம் இது. நம் பள்ளிகளில் அவ்விருவரும் சேர்ந்து நடத்தும் பாடவேளை ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றினும் கடினமான சோதனை அரியலூர் மண்ணுக்குள் இருக்கிறது. கிரெடேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. 1860களில் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை வரைபடமாக்க, ஸ்டோலிக்ஸ்கா அவற்றின் புதைபடிவங்களை விவரித்தார். அம்மோனைட்டும் சிப்பியும் கிடைக்கும் இந்நிலத்தைத் திணைவழி நோக்குவோர் நெய்தல் என்று கூறத் துணிவதில்லை. நிலத்துக்கு வரலாறு உண்டு என்னும் எண்ணமே அட்டவணையில் இல்லை. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். சுரங்கம் விரியும்போது படிவங்களும் உடன் போகின்றன. தம் ஊரில் இழக்கப்படுவது எது என்பதை அறியாமலேயே ஐந்திணைக் கருப்பொருளையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவரை நம் கல்வி உருவாக்கிவருகிறது.

1991இல் உச்ச நீதிமன்றம் எம். சி. மேத்தா வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. அதன் பின்னர்ப் பாடநூல்களில் பக்கங்கள் கூடின. வகுப்பறைக்கு வெளியே செலவிடும் நேரம் அந்த அளவுக்குக் கூடவில்லை. நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை மனிதரும் பிற உயிர்களும் தெய்வமும் கூடி வாழும் உறவமைப்பாக விளக்கியது ஆய்வுலகுக்குப் புதிய வழி திறந்தது. அவ்வழியில் நடந்த பின்னைய ஆய்வேடுகள் பல, உறவை விட்டுப் பெயர்களை மட்டும் எண்ணின. பாடல்களில் வரும் மரங்களின் தொகைக்கு முனைவர் பட்டம் கிடைக்கிறது. பொன்னேரிக் கரையில் இன்று நிற்கும் மரங்களின் பெயர்களை மீன்சுருட்டி மாணவர் ஏட்டில் எழுதினால், அதற்கு மதிப்பெண் வழங்கும் கட்டம் எந்த வினாத்தாளிலும் இல்லை.