'கிரெகரியின் சீர்திருத்தம்': ஒரு பெயரும் அதன் மறைப்புகளும்

ஐரோப்பாவின் பதினோராம் நூற்றாண்டுத் திருச்சபை மாற்றங்களை வரலாற்று மாணவர் 'கிரெகரியின் சீர்திருத்தம்' என்ற பெயராலேயே அறிவர். 1073 முதல் 1085 வரை பாப்பரசராயிருந்த ஏழாம் கிரெகரியைக் குறிக்கும் இப்பெயரை ஆய்வுலகில் நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் ஓகுஸ்தென் ஃபிலிஷ். 1924 இல் வெளிவரத் தொடங்கிய அவரது மூன்று பாக நூலிற் சீர்திருத்தம் என்பது பாப்பரசரும் அவரைச் சூழ்ந்த கற்றோரும் வகுத்த கருத்தாகவே காட்சியளிக்கின்றது. 1936 இல் ஜேர்மானியரான கேர்ட் ரெலன்பாக், உலகின் முறையான ஒழுங்கு யாது என்பது பற்றிய போராட்டமாக அதனை விளக்கினார். ஆழமான விளக்கமே, எனினும் அங்கும் வரலாற்றை இயக்குவோர் மேலிருப்போரே.

மிலான் நகரை நோக்குமிடத்து இச்சித்திரம் தடுமாறுகின்றது. கிரெகரி பதவியேற்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1057 இல், அங்கு பத்தாரியா இயக்கம் தோன்றியது. பணங்கொடுத்துப் பதவி பெற்ற குருமாரையும் மனைவியரோடு வாழ்ந்த குருமாரையும் எதிர்த்து நகரமக்கள் வீதியில் இறங்கினர். அத்தகையோர் நிகழ்த்திய பூசைகளைப் புறக்கணித்தனர். குருவின் தகுதியைப் பாமரர் தீர்மானிக்கத் துணிந்தமை சிறிய விடயமன்று. இதனைப் பாப்பரசரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த செயலென மட்டுங் கொள்ளல் எமக்கு உடன்பாடன்று.

கிழக்கு ஜேர்மனியின் எர்ன்ஸ்ற் வேர்ணர், 1956 இல் வெளியிட்ட நூலில், அக்கால மத இயக்கங்களின் சமூக அடித்தளத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தார். வேண்டியிருந்த திருப்பம் அது. ஆனால் பத்தாரியாவை ஏழைகளின் வர்க்க எழுச்சி எனச் சுருக்கிவிடவும் இயலாது. 1066 இற் கொலையுண்ட அரியால்தோ ஒரு திருச்சபைப் பணியாளர். 1075 இல் வீழ்ந்த எர்லெம்பால்தோ போர்வீரர், உயர்குடியினர். பல படியினரும் அவ்வியக்கத்திற் கலந்திருந்தமையை இத்தாலியரான சின்ஸியோ வியோலாந்தே 1955 இலேயே எடுத்துக்காட்டினார். முற்போக்கு ஆய்வாளர் வசதி கருதி இதனைக் கடந்து செல்லலாகாது.

இவ்விரு சாராரும் போதிய கவனஞ் செலுத்தாதவர் குருமாரின் மனைவியர். குருமாரின் திருமணம் தமது நகரின் பழைய வழக்கம் என மிலான் குருமார் வாதிட்டனர். சீர்திருத்தவாதிகள் அதனை ஒழுக்கக்கேடு என்றனர். வரலாற்றாசிரியர் பலர் அச்சொல்லை அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். 1089 இல் மெல்ஃபியிற் கூடிய சங்கம், மனைவியைப் பிரிய மறுக்கும் உபதியாக்கோனின் மனைவியைப் பிரபுக்கள் அடிமையாக்கிக்கொள்ள இடமளித்தது. 1139 இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் அத்தகைய திருமணங்கள் திருமணங்களே அல்லவெனத் தீர்ப்பளித்தது. இதனையும் சீர்திருத்தம் என்ற ஒரே சொல்லில் அடக்கலாமா?

அரியால்தோவின் வரலாற்றை எழுதிய அந்திரேயா அவருடைய அடியார். குருமாரின் திருமணத்தைக் காத்து எழுதிய லண்டுல்ஃபோ எதிரணியினர். இருவரையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். இருவருமே திருச்சபையினர், அம்மனைவியர் எழுதியதாக எதுவும் எமக்குக் கிட்டவில்லை.