மஞ்சப்பையும் மூழ்கிய தீவும்

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டு 13 பேர் செத்துப்போனார்கள். மே 28-இல் ஆலையை மூட அரசாணை. ஜூன் 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் பிளாஸ்டிக் தடை அறிவிப்பு. எல்லாவற்றுக்கும் 'சுற்றுச்சூழல்' என்ற ஒரே வார்த்தைதான்.

முதல் கேள்வி ஆலையைப் பார்த்துக் கேட்டது. அடுத்தது நம் கையிலிருக்கும் பையைப் பார்த்துக் கேட்டது. பட்டிமன்றம், பள்ளிக் கட்டுரைப் போட்டி, தாம்பூலப் பை எல்லாம் இந்த இரண்டாவதற்குத்தான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. (மஞ்சப்பையோடு வந்தவனைப் பட்டிக்காட்டான்னு சிரிச்ச ஊர்தான் இது.) பையைக் குறை சொல்லல, நானும் தூக்கிட்டுத்தான் போறேன். ஆனால் அறிவித்த அன்றே பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு இருந்தது. அதைப் பற்றி எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை.

முத்துக்குளித்துறைக் கடலைப் பற்றிப் பேசும்போதும் இதே கோளாறு. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு மூழ்கிப்போச்சு. வான்தீவு சுருங்கி, செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றும் நிலை. பல வருசம் பவளப்பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். உடனே, "மீனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிடுகிறோம். வெட்டிய கல்லை அவர்கள் வீட்டில் அடுக்கியா வைத்திருந்தார்கள்? சுண்ணாம்புச் சூளைக்கும் கார்பைடு ஆலைக்கும் வீடு கட்டவும் போனது. வள்ளத்தில் போனவரைத் தெரிகிற அளவுக்கு, கல்லுக்குக் காசு கொடுத்தவரை நம் கட்டுரைகளுக்குத் தெரிவதில்லை.