புலியின் ஆரஞ்சு

பச்சைக் காட்டில் இவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு எப்படி ஒளியும்? ஆனால் புலி ஒளிய வேண்டியது மானிடமிருந்து. நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் 3 வகை. மானுக்கு 2 தான். ஆரஞ்சும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. புலி பச்சையாகவே இருந்திருக்கலாமே என்றால், பாலூட்டிகளின் ரோமத்தில் பச்சை நிறமி கிடையாது. கறுப்பு, பழுப்பு, செம்மஞ்சள் சாயங்களை வைத்தே காரியம் முடிந்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தவை கோடுகள். விலாவில் மேலிருந்து கீழே இறங்கி, சில இடங்களில் இரண்டாகப் பிளந்து நடுவே வெளிர்நிறம் விட்டு, உயர்ந்த புல்லின் நிழலோடு கலந்துவிடும். முதுகு எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. ரோமத்தை மழித்தாலும் தோலில் அதே கோடுகள்தான் (மழிக்கப் போவது யார் என்பது வேறு விஷயம்).

முதுமலையில் மரத்தின்மேல் இருக்கும் லங்கூர் குரங்குக்கோ நம்மைப் போலவே ஆரஞ்சு தெரியும். அது கத்தினால் கீழே மேயும் புள்ளிமான்கள் உஷாராகிவிடும்.