காணாமற்போனோரும் காணாமலாக்கப்பட்டோரும்: மொழிபெயர்ப்பில் வினைமுதல்

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நிலவிய இராணுவ ஆட்சியை எதிர்த்த பெரோனிய இயக்க இளைஞருள் ஒருவர் நெஸ்தோர் தெ வின்சென்தி. 1976 நவம்பர் 30 அன்று அவர் கடத்திச் செல்லப்பட்டார். அவரைத் தேடிய தாய் அசுசேனா வில்லாஃப்ளோர், 1977 ஏப்ரல் 30 அன்று புவெனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் பிற தாய்மாரைத் திரட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று அவரும் கடத்தப்பட்டார். இத்தகையோரைக் குறிக்க ஸ்பானிய மொழியில் வழங்கும் 'தெசாபரெசீதோ' என்னும் சொல்லைத் தமிழில் 'காணாமற்போனவர்' எனப் பெயர்ப்பதுண்டு. இப்பெயர்ப்பின் பொருத்தம் ஆராயத்தக்கது.

மூலச்சொல், செயப்படுபொருள் குன்றிய வினையொன்றின் எச்ச வடிவம். தானே மறைந்தவர், பிறரால் மறைந்துபோகச் செய்யப்பட்டவர் ஆகிய இரு பொருளுக்கும் அவ்வடிவம் இடந்தருகிறது. இலத்தீன் அமெரிக்க வழக்கில் அவ்வினை செயப்படுபொருளை ஏற்று, 'அவனைக் காணாமலாக்கினார்கள்' என்னும் அமைப்பையும் பெற்றது. தமிழில் இவ்விருபொருள் நிலைக்கு இடமில்லை. 'போ', 'ஆக்கு' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

'ஆடு காணாமற்போயிற்று' என்னும் வாக்கியத்தில் வினைமுதற்பொருளில் 'யாரால்?' என்னும் வினா எழுவதில்லை. 'காணாமலாக்கப்பட்டார்' என்பதிலோ, வினைமுதல் கூறப்படாதபோதும் மூன்றாம் வேற்றுமைக்குரிய இடம் நிரப்பப்படாது நிற்பதால், அவ்வினா எழுகிறது.

இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப்பெயர் 'காணாமற்போன ஆட்கள்' என்றே சுட்டுகிறது. போர்க்களத்தில் காணாது போனோரையும் அச்சட்டம் உள்ளடக்குவதால் இவ்விரிந்த பெயருக்கு நியாயம் உண்டு. உறவினர்கள் வழங்கும் தொடரோ 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்பதாகும். 'திட்டமிட்டுக் கொல்லப்பட்டான்' என்பதில் திட்டமிட்டவர் கொன்றவரே. அதுபோல, இங்கும் வலிந்தவர் ஆக்கியவரே. அதே அடையைக் 'காணாமற்போனோர்' என்பதனோடு சேர்ப்பின், 'வலிந்து சென்றான்' என்பதிற்போல, மறைந்தவரே தம் விருப்பால் மறைந்தார் என்னும் நேர்மாறான பொருள் விளையும்.

வினைமுதல் அறியப்படாதவிடத்துக் 'காணாமற்போனவர்' என்பது பொருத்தமான சொல்லே. அர்ஜென்டின நிகழ்வுகளின் நிலை வேறு. அங்கு அமைக்கப்பட்ட ஆணையம் ஏறத்தாழ 9,000 பேரைப் பற்றிய விவரங்களை 1984இல் பதிவுசெய்தது. பெயரறியாதவராகப் புதைக்கப்பட்டிருந்த அசுசேனாவின் எலும்புகள் 2005இல் அடையாளங்காணப்பட்டன. உயரத்திலிருந்து வீழ்ந்ததற்கான முறிவுகள் அவற்றில் இருந்தன. அவரைக் 'காணாமற்போன தாய்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர், நிறுவப்பட்ட வினைமுதலை வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகிறார்.