மருந்து என்னும் சொல்லும் கதை முடிவும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் ‘மருந்து’ என்றால் நோய் தீர்ப்பது மட்டுமன்று. புல்லைக் கொல்லும் நஞ்சும் மருந்துதான். “அம்மா மருந்தடிக்கப் போயிருக்கிறாள்” என்று பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பெயராக இட்ட சொல் இங்ஙனம் தலைகீழாக நிற்பது சொல்லாராய்ச்சிக்கு உரியதுதான். எனினும், நான் இங்கே எடுத்துக்கொண்டது அச்சொல் நம் தோட்டக் கதைகளின் கடைசிப் பத்தியில் வந்து நிற்கும் விதம்.

போட்டிக் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்த முடிவு புதிதன்று. கடன், குடிகார அப்பன், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் - எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். பிறகு வீட்டு மூலையில் ஒரு புட்டி. கதை முடிந்தது, ஆசிரியரும் அதை விதி என்று சொல்லி எழுந்துவிடுகிறார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நம் நாடு 2023இல் நீக்கிய பின்னும், சில கதைகளில் காவலர் வந்து நிற்கத் தவறுவதில்லை. அது போகட்டும்.

அந்தப் புட்டி வீட்டுக்குள் எப்படி வந்தது? இக்கேள்வியை நம் எழுத்தாளர் கேட்பதில்லை. ஸ்டோரில் பூட்டிக் கணக்கெழுதி வைக்க வேண்டிய நஞ்சு, கொல்லைப் புல்லுக்கென்று பழைய சர்பத்துப் புட்டியில் வீடு வந்து சேர்கிறது. கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏனெனில் சாகத் துணிந்த மனம் மாறாத மனம் என்று கொள்வது உண்மைக்குப் பொருந்தாது. அத்துணிவு பெரும்பாலும் சிறுபொழுதே நிற்பது. அப்பொழுதில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரை முடிவு செய்கிறது. இஸ்ரேல் படையினர் வார விடுமுறையில் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துச் செல்வதை 2006இல் குறைத்தபோது, அவர்களிடையே தற்கொலை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகள் சில தடை செய்யப்பட்ட பின், 2005இல் 24 ஆயிற்று. அந்தப் பத்தாண்டில் அங்கே வறுமையும் போரும் ஒழிந்துவிடவில்லை.

பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாதா என்று கேட்கலாம். இலங்கையின் வட மத்திய மாகாணச் சிற்றூர்களில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சுண்பது குறையவில்லை என்று 2017இல் வெளியான முடிவு கூறியது. சாவியும் அதே வீட்டில்தானே இருக்கிறது! ஆகவே நஞ்சு வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மிகக் கொடியது சந்தைக்கே வரக்கூடாது. பாராக்குவாட்டை நம் நாடு 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக விலக்கியது. தோட்டத்துப் பெண்கள் முதுகில் தோம்பு சுமந்து தெளித்த நஞ்சு அது. இந்த இழுபறியை வைத்து ஒரு நல்ல கதை எழுதியிருக்கலாம். நான் படித்தவரை எவரும் எழுதவில்லை.

வகுப்பில் கதை எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் மூலையில் தேடுகிறாள், புட்டி இல்லை. காலையிலேயே பாட்டி அதைக் கங்காணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வீட்டு அக்காள் கறிவேப்பிலை கேட்டு வருகிறாள். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். இதன்பின் மாணவர் எழுதட்டும். கடன் அப்படியே இருக்கிறது, அப்பன் இன்னும் வீடு திரும்பவில்லை, நாளை காலை பெரட்டுக்குப் போயாக வேண்டும். சாவில் முடிக்கும் வசதி கைவிட்டுப் போனதால், எழுதுபவர் அந்த அக்காளுக்கும் இவளுக்கும் பேச்சு அமைத்தே தீர வேண்டும்.