பெயர் சொல்லாத காதலைக் காதால் கேட்பது

கவ்பாய் காதல் கதை என்றால் அகன்ற தொப்பியும் குதிரையும் கடைசியில் ஒரு முத்தமும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனி ப்ரூவின் ‘புரோக்பேக் மவுண்டன்’ அந்த நிலப்பரப்பில் இரண்டு ஆண்களின் காதலை வைத்தது. 1997 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில் வெளிவந்த சிறுகதை இது. 2005இல் ஆங் லீ படமாக்கினார். படம் பார்த்தவர்களில் பலர் கதையைப் படித்ததில்லை. அவர்களுக்கு நடிகர் கேம்பல் ஸ்காட் வாசித்த ஒலிநூலைச் சொல்வேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

1963 கோடையில் வயோமிங் மலையொன்றில் ஆடு மேய்க்கும் கூலி வேலைக்குச் சேர்கிறார்கள் என்னிஸும் ஜாக்கும். இருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. பிறகு ஆளுக்கொரு திருமணம், பிள்ளைகள். நான்கு ஆண்டுகள் கழித்து ஜாக்கிடமிருந்து கடிதம் வருகிறது. அதன்பின் பல ஆண்டுகள், மீன்பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மலைகளில் சந்திக்கிறார்கள். சேர்ந்து வாழலாம் என்கிறான் ஜாக். என்னிஸ் மறுக்கிறான். அப்படிச் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவரை அடித்துக் கொன்று போட்டிருந்ததை, ஒன்பது வயதில் அவனுடைய தகப்பனே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். இந்தப் பயம் எழுத்தாளரின் கற்பனை மட்டுமல்ல. கதை வெளியாகி ஓராண்டில், அதே வயோமிங்கில், மாத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் தன்பாலீர்ப்பாளர் என்பதால் தாக்கப்பட்டு இறந்தார்.

தங்களுக்குள் இருப்பது காதல் என்று இருவரும் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. ஸ்காட் அதைப் புரிந்துகொண்டு வாசிக்கிறார். அழவைக்க முயலாத, அவசரப்படாத குரல். ஜாக்குக்கு என்னிஸ் அனுப்பிய அஞ்சலட்டை, ‘இறந்துவிட்டார்’ என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது. என்னிஸ் ஜாக்கின் மனைவி லூரீனைத் தொலைபேசியில் அழைக்கிறான். டயர் வெடித்த விபத்து என்கிறாள் அவள். படத்தில் இந்த இடத்தில் ஜாக்கைச் சிலர் அடிக்கும் காட்சி மின்னி மறைகிறது. கதையில் அப்படி எதுவும் இல்லை. அவளுடைய தணிந்த பேச்சும் அவனுடைய சந்தேகமும்தான். பின்னர் ஜாக்கின் தகப்பன் சொல்லும் ஒரு செய்தியை வைத்து, அது கொலைதான் என்று என்னிஸ் முடிவுகட்டுகிறான். ஆதாரம் கிடையாது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால், கேட்கிற நாமும் அந்தச் சந்தேகத்தோடுதான் மிஞ்சுகிறோம். ஒலிநூல் படத்தை விஞ்சும் இடம் இது.

குறையும் உண்டு. விவாகரத்துக்குப் பின் ஒரு நன்றிநவிலல் நாளில், என்னிஸின் முன்னாள் மனைவி அல்மா தன் சமையலறையில் வாய் திறக்கிறாள். அவன் தூண்டில் கயிற்றில் தான் கட்டிவைத்த குறிப்பு, பயணம் முடிந்து வந்தபோதும் கட்டியபடியே இருந்தது என்கிறாள். கயிறு தண்ணீரையே தொடவில்லை. எல்லாம் தெரிந்தும் இத்தனை காலம் பேசாதிருந்தவள். ஆண் குரலொன்றில் அவளுடைய கோபம் எனக்கு முழுதாக வந்து சேரவில்லை. இரண்டாவது குரலொன்று தேவைப்பட்டிருக்கும்.

ஆனாலும் நான் திரும்பக் கேட்டது அந்தப் பகுதியைத்தான். நம் குடும்பங்களிலும் ‘கூடத் தங்கியிருக்கும் நண்பர்’ என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இருவரை மட்டுமல்ல, தெரிந்தும் தெரியாததுபோல் சோறு போடும் அல்மாக்களையும் இந்த ஒரு மணி நேரம் நினைக்கவைக்கிறது.